முதலில் அந்த ஃபிளெக்ஸை இறக்கு

தம்பி,

ஜெயங்கொண்டத்தில் உன் நண்பன் கல்யாணப் பந்தியில் நீ உட்கார்ந்திருந்த நேரத்தில், அரியலூரில் நம் வீட்டுக்கு இரண்டு பேர் வந்துபோனார்கள். உன் மாணவி அபிநயாவும் அவளுடைய அப்பாவும். சாயங்காலம் உனக்குப் போன் செய்து, "அந்தப் பொண்ணு வந்திருந்தா. நீ போன்ல எதையும் அமுக்காத. முதல்ல அந்த ஃபிளெக்ஸ இறக்கு" என்றேன். "உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, சும்மா இரு" என்று வைத்துவிட்டாய். நீ சொன்னதில் பாதி உண்மை. இப்போது செல்போனிலேயே நடக்கிற கலந்தாய்வைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதுதான். சும்மா இருப்பதுதான் எனக்கு வராது. போனில் பேசினால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ இரண்டு பேசிவிடுவாய். தாளில் அந்த வசதி உனக்குக் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

இது ரகசியக் கடிதமில்லை. உன் ஸ்டாஃப் ரூமில் யார் எடுத்துப் படித்தாலும் எனக்குச் சம்மதம். படித்தால் நல்லது என்றுகூடச் சொல்வேன். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

திருமானூர்ப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் நீ இயற்பியல் ஆசிரியர், தங்கலும் அங்கேதான், ஞாயிறானால் இங்கே வருவாய். இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்துவிடும் பொறுப்பையும் உன் தலையில் கட்டினார்கள். மற்றவர்கள் தட்டிக் கழிக்கும் வேலை அது. நீ ஆசையாக ஏற்றுக்கொண்டாய். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் என்று ஜூன் மாதத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் கூட்டம் முட்டி மோதும். உன் பிள்ளைகள் ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை. தை மாதமே எல்லாவற்றையும் வாங்க வைத்துவிட்டாய். சாயங்காலங்களில் வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசினாய். கல்லூரி என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்க வைக்க எல்லாரையும் பெரம்பலூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போய் வந்தாய். பணிக்காலம் முழுக்கப் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுத்தவள் நான். இவ்வளவு செய்த ஆசிரியர்களை அதிகம் பார்த்ததில்லை. உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. திட்டுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் முதலிலேயே எழுதுகிறேன், திட்டிய பிறகு சொன்னால் நீ நம்பமாட்டாய்.

இனி, நீ செய்த மற்ற இரண்டு காரியங்கள். பிள்ளைகளின் அப்பா அம்மா போன்களில் பாதி நாள் ரீசார்ஜ் இருக்காது, சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்று எல்லா விண்ணப்பத்திலும் உன் நம்பரைக் கொடுத்தாய். பாஸ்வேர்டும் உன்னிடம், ஓடிபி வருவதும் உனக்கு. போன வாரம் பொறியியல் கலந்தாய்வில் அபிநயாவுக்குச் சென்னையில் பெரிய கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் இடம் வந்தது. செய்தி வந்த அன்றே நீயும் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவருமாகச் சேர்ந்து திருமானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃபிளெக்ஸ் கட்டிவிட்டீர்கள். 'எங்கள் பள்ளியின் பெருமை, வருங்காலப் பொறியாளர்' என்று நடுவில் பெரிதாக அவள் முகம். விண்ணப்பத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்தை அப்படியே இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறீர்கள். யாரையோ முறைப்பது போல இருக்கிறது. சுற்றிலும் மற்ற நாலைந்து பிள்ளைகள். கீழ் மூலையில் நீ, கைகட்டிக்கொண்டு, உள்ளாட்சித் தேர்தலில் நிற்கிறவன் மாதிரி. உன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் பார்த்தபோது நானும் இதயம் போட்டேன் என்பதை மறைக்கவில்லை.

சனிக்கிழமை போன் செய்து நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "அவ போன எடுக்க மாட்டேங்கறாம்மா. செவ்வாய்க்கெழம அஞ்சு மணிக்குள்ள கன்ஃபர்ம் பண்ணலைன்னா சீட்டு போயிடும். அவங்கப்பா ஏதோ தடுக்கறாருன்னு நெனக்கிறேன். பாஸ்வேர்டுதான் என்கிட்ட இருக்கே, நானே அமுக்கிடப் போறேன். அப்புறமா போயி சமாதானம் சொல்லிக்கலாம்." நான் "ம்" என்றேன். கையில் பால் பாத்திரம் இருந்தது. அந்த 'ம்' சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டிருந்தால் அதை இப்போதே திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அவர்கள் வந்தது வெயில் ஏறிய நேரம். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டு, "சார் இருக்காருங்களாம்மா?" என்றார். இல்லை என்றதும் அவர் முகத்தில் வந்தது நிம்மதி, எனக்கு நன்றாகவே தெரிந்தது. உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு டீ போடப் போனார். நீ அந்த மனிதரைத் தடை போடுகிறவர் என்று நினைத்திருக்கிறாய். அவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். குடும்பத்தில் அவருக்கு முன்னால் யாரும் ஸ்டியரிங் பிடித்ததில்லை, எல்லாரும் அடுத்தவர் வயலில் நின்றவர்கள். அவர் எதற்கும் தடை சொல்லவில்லை. சொன்னது இது: "எனக்கு என்னங்கம்மா தெரியும். சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஃபிளெக்ஸு வெச்சதுலேருந்து டீக்கடையில என்னைய இஞ்சினியர் அப்பான்னுதான் கூப்புடுறாங்க. குவாரியில சூப்பர்வைசரே வாங்க போங்கன்னு பேசறாரு. ஆனா புள்ள சரியா சாப்புடலைங்க. அத நெனச்சாத்தான் கஷ்டமா இருக்கு."

அபிநயா அப்பாவுக்குப் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். பயந்த பிள்ளை என்று நினைத்தேன். சென்னையில் படிக்க விருப்பமில்லையா, ஊரை விட்டுப் போகப் பயமா என்று கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பயமெல்லாம் இல்லைங்கம்மா. எனக்கு ஜியாலஜி படிக்கணும். திருச்சியில ஒரு காலேஜுக்கு நானே அப்ளிகேஷன் போட்டேன், எடம் இருக்குன்னு வரச் சொல்லியிருக்காங்க. வெள்ளிக்கெழம போவணும்."

"அந்தப் படிப்பு அரியலூர்லயே இருக்கே?"

"வூட்டுலேருந்து போனா வூட்டு வேலதாங்க பாப்பேன். ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரை விட்டுப் போகத் தயங்குகிறாள் என்று உன்னைப் போலவே நானும் கணக்குப் போட்டிருந்தேன். எங்கிருந்து இந்த ஆசை என்று கேட்டேன். அவள் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும்போது, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில், எங்கிருந்தோ ஒரு பஸ்ஸில் கல்லூரிப் பிள்ளைகள் சுத்தியலோடு வந்து குவாரி ஓரத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்களாம். அதில் ஒரு பெண் ஒரு கல்லை உடைத்து உள்ளே இருந்த சிப்பியைக் காட்டி, இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணின் நம்பரை அப்போதே வாங்கி வைத்திருக்கிறாள் உன் மாணவி. அதன் பிறகு அப்பாவும் லாரி கேபினில் விதவிதமான கல்லாகக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். இங்கே வந்தபோதும் பையில் ஒன்று வைத்திருந்தாள். எடுத்துக் காட்டினாள். நத்தை சுருண்டு கிடப்பது போல ஏதோ தெரியும் என்றாள். உண்மையைச் சொன்னால் எனக்குக் கல்தான் தெரிந்தது. இந்த ஊரிலேயே இருந்து, கடல் இருந்த கதையைப் புத்தகத்தில் படித்தும், குனிந்து ஒரு கல்லையாவது நான் பார்த்ததில்லை.

உன் கட்சிக்காகவும் பேசினேன், சந்தேகம் வேண்டாம். "இஞ்சினியரிங் படிச்சா சீக்கிரம் வேலைக்குப் போகலாம்னு சார் சொல்றது பொய்யில்லையேம்மா" என்றேன். "பொய்யில்லைங்க, எனக்கும் தெரியும்" என்றாள். "ஆனா நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்க எனக்குப் புடிக்கலைங்கம்மா. ஜியாலஜி முடிச்சு மேல படிச்சா சுரங்க ஆபீஸு, நெலத்தடித் தண்ணி பாக்கற ஆபீஸு, சிமெண்ட் கம்பெனின்னு போலாம். அந்த அக்காகிட்ட விசாரிச்சுட்டேன். கொஞ்சம் லேட்டாவும்னாங்க. பரவால்லைன்னுட்டேன்." நீ வீடு வீடாகப் போய் விசாரித்தவன். இந்தப் பிள்ளை தன் பங்குக்கு விசாரித்து வைத்திருந்ததை மட்டும் நீ விசாரிக்கவில்லை.

"இதச் சார்கிட்ட சொன்னியா?" என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்தாள். "சொன்னேங்கம்மா. சார் சிரிச்சுட்டாரு. 'கல்லப் படிச்சு என்ன பண்ணப் போற, உங்கப்பா அள்ளுறது பத்தாதா'ன்னாரு. வெளையாட்டாத்தான் சொன்னாருங்க." அவளே உடனே உனக்கு வக்காலத்தும் வாங்கிவிட்டாள். அவளுடைய அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்துச் சிரித்தார். தம்பி, அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கு உன் மேல் கோபம் வந்தது. இத்தனை வருடத்தில் உன்னை நினைத்து நான் வெட்கப்பட்டது அந்த ஒரு நிமிடம்தான். நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஆசிரியன் விளையாட்டாகச் சொன்னதைப் பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துக்கொண்டு போவதில்லை. அன்றைக்குப் பிறகுதான் அவள் உன் போனை எடுப்பதை நிறுத்தியிருக்கிறாள்.

கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள். "அம்மா, அந்த ஃபிளெக்ஸ எப்ப எடுப்பாங்க?"

நீ யோசித்துப் பார். அந்தப் படம் அங்கே தொங்கும் வரை அவளை என்ன கேட்டும் பயனில்லை. பஸ் ஏறுகிற ஒவ்வொருவரும் அவளை இஞ்சினியர் என்று வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். அவள் வேண்டாம் என்றால் உன்னிடம் மட்டும் சொன்னதாகாது, ஊரிடமே சொன்னதாகும். அப்பாவுக்கு டீக்கடையில் கிடைக்கிற மரியாதையையும் அவளே பிடுங்கியதாகும். பதினேழு வயசுப் பிள்ளையின் தலையில் இவ்வளவையும் ஏற்றி வைத்துவிட்டு, 'அவ போன எடுக்க மாட்டேங்கறா' என்று நீ குறைப்படுகிறாய்.

ஃபிளெக்ஸ் வைப்பது உன் ஒருவன் கண்டுபிடிப்பு இல்லை, எல்லாப் பள்ளியும் வைக்கிறது என்பாய். ஆமாம், எங்கள் பள்ளியிலும் வைத்தார்கள். அதில் இடம் கிடைப்பது நாலைந்து முகத்துக்கு. மீதிப் பிள்ளைகள் எதிரே நின்றுதான் பஸ் ஏறுகிறார்கள். பாலிடெக்னிக்குக்குப் போகிறவன், நர்சிங் போகிறவள், தட்டுத் தடுமாறிப் பாஸாகி பி.ஏ. சேருகிறவன், எல்லாரும் தினம் அதைப் பார்க்கிறார்கள். அபிநயா மாதிரி நன்றாகப் படிக்கும் பிள்ளை நீ இல்லாவிட்டாலும் எப்படியாவது ஒரு கல்லூரி வாசலைக் கண்டுபிடித்துவிடும். உன் உதவி உண்மையிலேயே வேண்டியிருப்பது அந்த எதிர்ப்பக்கம் நிற்கிறவர்களுக்கு. நீ அவர்களுக்கும் செய்தாய் என்று தெரியும். செய்ததை ஊர் பார்க்க வைத்தது மட்டும் ஃபிளெக்ஸில் இருக்கும் நாலைந்து பேருக்கு.

உன்னை இப்படி ஓடியாடச் செய்வது எது என்றும் எனக்குத் தெரியும். போன பொங்கலுக்குக் கரும்பு கடித்துக்கொண்டே சொன்னாயே, "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் வாசல்ல ஒக்காந்து அப்ளிகேஷன் எழுதிக் குடுத்த. எனக்கு மட்டும் நீயே பாத்துக்கன்னுட்ட" என்று. நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், நானும் சிரித்தேன். அதன் பிறகு அதை நிறைய நினைத்திருக்கிறேன். நீ பன்னிரண்டாவது முடித்தபோது வேண்டுமென்றேதான் ஒதுங்கி நின்றேன். டீச்சர் பிள்ளை டீச்சர் சொன்னதைப் படித்தான் என்று ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன். நீ பயோவா பிசிக்ஸா என்று முழு மாதம் குழம்பித் திரிந்தாய். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன் படிப்பு உன்னுடையதாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு மாதம் நீ தனியாக இருந்ததாக உணர்ந்தாய் என்பதும் உண்மை. அது எனக்கு வலிக்கிறது. அந்தத் தனிமை உன் பிள்ளைகளுக்கு வரக் கூடாது என்று நீ கிளம்பியிருக்கிறாய். கிளம்பியவன் அவர்கள் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய்.

இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அது எங்கே என்று எனக்குக் காட்டியவர் என் கணக்கு வாத்தியார். நான் திருமழபாடிக்காரி, எங்கள் வீட்டில் கல்லூரி என்ற சொல்லையே சொன்னவர் கிடையாது. சார்தான் என்னைத் திருச்சிக்குக் கூட்டிப்போனார். எனக்கு முன்சீட்டில் இடம் பார்த்து உட்கார வைத்துவிட்டு, பஸ்ஸில் முழுக்க நின்றுகொண்டே வந்தார். கல்லூரி வாசல் வந்ததும், "நீ உள்ள போ, நான் இங்க நிக்கறேன்" என்றார். நான் அழாத குறை. "நீங்களும் வாங்க சார்" என்று கெஞ்சினேன். "நான் வந்தா அவங்க எங்கிட்டதான் பேசுவாங்க. படிக்கப் போறது நீயில்ல? எதாவது புரியலைன்னா வெளிய வந்து கேளு. நான் எங்கயும் போவ மாட்டேன்" என்றார். உள்ளே என்ன பாடம் வேண்டும் என்று கேட்டார்கள். சார் என்னைக் கணக்கில் சேர்க்கத்தான் கூட்டிவந்தார் என்று எனக்குத் தெரியும். நான் கெமிஸ்ட்ரி என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, அவர் பக்கத்தில் இல்லாததால்தான் வந்திருக்க வேண்டும்.

வெளியே வந்தபோது அந்த வாசலில் நிழலே இல்லை என்று கவனித்தேன். சட்டை முழுக்க நனைந்து அதே இடத்தில் நின்றிருந்தார். கெமிஸ்ட்ரியில் சேர்ந்துவிட்டேன் என்று சொன்னதும் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு வருத்தம்தான். பஸ் லால்குடி தாண்டியதும் மெதுவாக, "கெமிஸ்ட்ரின்னா லேபுக்கு வெள்ளைக் கோட்டு வேணுமே, எங்க தைக்கறது?" என்றார். சேர்ந்த முதல் மாதம் வீட்டு நினைப்பில் நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட இருந்தேன். அப்போதும் அவர்தான் ஹாஸ்டலுக்கு ஒரு கார்டு போட்டார், கோட்டு அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்டு. உன் பிள்ளைகளிலும் நிறையப் பேர் முதல் மாதத்தில்தான் திரும்பி வருவார்கள், பார்த்துக்கொள். சேர்த்துவிட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதே, செப்டம்பரில் ஒவ்வொருவருக்கும் போன் போடு.

ஆக, நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அபிநயா பொறியியல் படிப்பதுதான் நல்லது என்று நீ நினைப்பது சரியாகவும் இருக்கலாம். நான் அந்தப் பஞ்சாயத்துக்கு வரவில்லை. நீ அந்த ஃபிளெக்ஸை இறக்கு. அவள் வீட்டுக்குப் போ. அவளுடைய அப்பாவிடம் அந்தக் கல் பேச்சுக்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல். நம்பரை மாற்றிப் பாஸ்வேர்டை அவள் கையில் கொடு. சென்னையில் என்ன கிடைக்கும், திருச்சியில் என்ன கிடைக்கும், எது எவ்வளவு நாளாகும் என்று உனக்குத் தெரிந்ததைச் சொல். உனக்குத் தெரியாததைத் தெரியாது என்றும் சொல். அதன் பிறகு அவள் கன்ஃபர்ம் செய்தாலும் சரி, விட்டாலும் சரி. அவள் விட்டால் அந்த இடம் வீணாகாது, வரிசையில் அடுத்து நிற்கிற பிள்ளைக்குப் போகும். அதற்கும் ஓர் ஆசிரியர் எங்கோ நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்.

இதுவரை ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். திங்கள் காலை திருமானூர் பஸ்ஸில் தெரிந்தவர் யாராவது வந்தால் கொடுத்தனுப்பலாம் என்று கவரில் போட்டும் வைத்தேன். உன் அப்பாதான் தடுத்தார். "எழுதறதெல்லாம் எழுது. குடுக்காத. இப்ப வாத்தியாரு அவன், நீ ரிட்டயர் ஆயிட்ட" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கவரை டிவி மேல் வைத்துவிட்டேன். அமுக்காதே என்று சொன்ன பிறகும் நீ அமுக்கினால், அதை நான் இன்னும் நாலு பக்கம் எழுதித் தடுக்க முடியாது என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை எனக்கு நல்ல நாளாக இல்லை. குழம்பில் உப்புப் போட்டேனா என்று உன் அப்பாவிடம் கேட்டேன், அவர் இரண்டு தடவை போட்டிருக்கிறாய் என்றார். ஐந்து மணியைத் தாண்டியும் உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. நான் பயந்துபோய்தான் இருந்தேன். அந்தப் பெண்ணுக்காக ஒரு பங்கு, உனக்காக மூன்று பங்கு. அவள் எப்படியும் மீண்டு வந்துவிடுவாள். நீ அமுக்கியிருந்தால், நல்லது செய்கிறோம் என்ற நினைப்பிலேயே வருடா வருடம் அமுக்கிக்கொண்டிருப்பாய் என்று பயந்தேன். இருட்டும் நேரத்தில் உன் மெசேஜ் வந்தது. 'ஃபிளெக்ஸ இறக்கிட்டேன். நான் அமுக்கல. அவளும் அமுக்கல.' அவ்வளவுதான். நான் அதற்கு இதயம் போடவில்லை. போட்டால் நீ தப்பாக எடுத்துக்கொள்வாய்.

மற்றதை நேற்றுத்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். திங்கட்கிழமை யாரும் ஏணி கொடுக்காததால் ஸ்கூல் பெஞ்சைத் தூக்கிப் போய் நீயே ஏறி அவிழ்த்ததையும், தலைமையாசிரியர் "ஊரு சிரிக்குமேய்யா" என்று கத்தியதையும் சொன்னாய். சுருட்டிய ஃபிளெக்ஸை வண்டியில் வைத்துக்கொண்டே அவள் வீட்டுக்குப் போயிருக்கிறாய். அவளுடைய அப்பாவிடம் வருத்தம் சொன்னபோது அவர், "அட விடுங்க சார்" என்று உன்னைவிட அதிகமாகக் கூச்சப்பட்டாராம். செவ்வாய்க்கிழமையும் போய், போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஐந்து மணி வரை அந்த வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாயாம். அவள் கலந்தாய்வுப் பக்கத்தைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம், மணி தாண்டியதும் போனை உன்னிடம் நீட்டி, "டீ குடிக்கிறீங்களா சார்?" என்றாளாம். கிளம்பும்போது அவள் அப்பா கேட்டிருக்கிறார், "சார், அந்த ஃபிளெக்ஸ நான் எடுத்துக்கவா? ஆட்டுக் கொட்டாய் ஒழுவுது." இப்போது வருங்காலப் பொறியாளர் ஆடுகளைப் பார்த்து முறைத்துக்கொண்டிருக்கிறார். நீயும் மூலையில் கைகட்டி நிற்கிறாய். திரும்பி வரும் வழியில் வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் அழுததாகவும் சொன்னாய். அழுததில் தப்பில்லை. அவள் பெரிய ஆளாக வர வேண்டும் என்று உனக்கு அவ்வளவு ஆசை இருந்தது.

இனி இந்தக் கடிதம் உனக்குத் தேவையில்லை. எழுதிய கைக்கு மரியாதையாக அனுப்பிவைக்கிறேன். அடுத்த வருடமும் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு வரும், யாராவது ஃபிளெக்ஸ் கடை நம்பரைக் கேட்பார்கள், அப்போது இதை ஸ்டாஃப் ரூமில் எடுத்துக் கொடு.

இன்று வெள்ளிக்கிழமை. இதை முடிக்க உட்கார்ந்தபோதுதான் திருச்சியிலிருந்து உன் போன் வந்தது. உன் பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

"உள்ள போயிருக்காம்மா. கூட வரவான்னு கேட்டேன், வேணாம் சார்னுட்டா. அவங்கப்பாவுக்கு லோடு, வர முடியல. நான் கேட்டுக்கு வெளிய நிக்கறேன். ஒரு மணி நேரமாச்சு. நான் இப்ப என்ன பண்றது?"

கணக்கு வாத்தியார் கதையை உனக்கு நான் இதுவரை சொன்னதே இல்லை. அது டிவி மேல் கவருக்குள்ளேயே கிடந்த இந்தத் தாளில்தான் இருக்கிறது.

"ஒண்ணும் பண்ணாத" என்றேன். "நெழலாப் பாத்து நில்லு."